விண்ணேறும் மனிதனும் மண்ணில் உழைக்கும் நாமும்

(திண்டுக்கல் வட்டாரத்துப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பஞ்சாயத்துக் கூட்டங்களில் நாம் வழக்கமாகப் பேசும் விஷயங்கள் யாவருக்கும் தெரிந்தவையே. குடிநீர், தெரு விளக்கு, குளத்துக் கரை, பள்ளிக்கூடத்துக் கூரை ஆகியவை பற்றியே நம் பேச்செல்லாம் நடக்கும். இன்று அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஆகாயத்தைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். நம் நாடு தன் சொந்த ராக்கெட்டில், சொந்தக் கலத்தில், சொந்த மண்ணிலிருந்து மனிதரை விண்வெளிக்கு அனுப்பி, உயிருடன் திரும்ப அழைத்து வரும் முயற்சியில் இறங்கியிருக்கிறது. "ககன்யான்" என்பது அதன் பெயர்.

இதைக் கேட்டவுடன் சிலர் முகத்தில் பெருமை தோன்றும். வேறு சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழும். "முந்நூறு அடி, ஐந்நூறு அடி என்று துளை போட்டும் தண்ணீர் காணாத ஊரில் இருக்கிறோம், ஆகாயத்துக்கு ஆள் அனுப்புவது இப்போது அவசியந்தானா?" என்பதே அக்கேள்வி. இப்படிக் கேட்பவரை நாம் விஞ்ஞானத்தின் விரோதி என்று சொல்ல மாட்டோம். வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்பது குடிமக்களின் உரிமை. பஞ்சாயத்தில் அமர்ந்தவர்களுக்கு அது கடமையும் ஆகும். ஆகவே கேள்வியை ஒதுக்காமல், முதலில் விஷயத்தைத் தெரிந்து கொண்டு, பிறகு விடை காண்போம்.

மலைக்கோட்டையும் ராக்கெட்டும்

ராக்கெட் என்பது மேல்நாட்டுச் சரக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நம் திண்டுக்கல் மலைக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1755-ஆம் ஆண்டில் மைசூர் அரசின் சார்பாக ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக நியமிக்கப்பட்டார். பிரெஞ்சு எஞ்சினீயர்களின் உதவியைப் பெற்று இவ்வூரில் ஓர் ஆயுதச் சாலையை ஏற்படுத்தினார். பின்னாளில் அவரும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் தங்கள் படையில் இரும்புக் குழாயில் மருந்து அடைத்த ராக்கெட்டுகளைப் பயன்படுத்தினார்கள். 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் நடந்த போரில் ஆங்கிலேயப் படை அவற்றின் வேகத்தைக் கண்டது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே காங்கிரீவ் என்பவர் அவற்றை ஆராய்ந்து, தம் நாட்டுப் படைக்கு ராக்கெட் செய்து கொடுத்தார்.

நம்மிடம் இருந்த தொழிலைப் பிறர் எடுத்து வளர்த்தார்கள். நாமோ அதை மறந்தோம். மீண்டும் 1963 நவம்பர் 21-ஆம் நாள் கேரளக் கடற்கரையில் தும்பா என்னும் மீனவக் கிராமத்திலிருந்து ஒரு ராக்கெட் மேலே சென்றது. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த ராக்கெட்தான். அக்கிராமத்தின் மாதா கோவிலே விஞ்ஞானிகளுக்கு முதல் அலுவலகம் ஆயிற்று. மீனவ மக்கள் தங்கள் நிலத்தை விட்டுக் கொடுத்தார்கள். நம் நாட்டு விண்வெளி முயற்சி ஒரு கிராமத்தின் கொடையில் பிறந்தது என்பதைக் கிராம மக்களாகிய நாம் மறக்கலாகாது.

பிறர் வண்டியும் சொந்த வண்டியும்

1961 ஏப்ரல் 12-ஆம் நாள் சோவியத் நாட்டு யூரி ககாரின் 108 நிமிஷங்களில் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினார். விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதர் அவரே. நம்மவரான ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3-ஆம் நாள் சோவியத் கலத்தில் ஏறிச் சென்று, ஏறத்தாழ எட்டு நாள் விண்ணில் இருந்து திரும்பினார். 2025 ஜூன் 25-ஆம் நாள் விமானப் படையைச் சேர்ந்த சுபான்ஷு சுக்லா அமெரிக்காவிலிருந்து புறப்பட்டுச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்று, ஜூலை 15-இல் திரும்பினார். அங்கே அவர் செய்த பரிசோதனைகளில் ஒன்று விவசாயிகளாகிய நமக்கு உகந்தது. பச்சைப்பயற்றையும் வெந்தயத்தையும் முளைக்க வைத்துப் பார்த்தார். எடையே தோன்றாத இடத்தில் முளை எப்படி விடுகிறது என்று அறிவதே நோக்கம். கர்நாடகத்துத் தார்வாட் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அதில் பங்கு கொண்டார்கள்.

இவை யாவும் பெருமைக்குரியவையே. ஆனால் பிறர் வண்டியில் இடம் பெற்றுப் போவது வேறு. சொந்தமாக வண்டி கட்டி, மாடு பூட்டிப் போவது வேறு. சொந்த ராக்கெட்டில் மனிதரை அனுப்பி, சுற்றுப் பாதையில் சுற்ற வைத்துத் திரும்ப அழைத்த நாடுகள் மூன்றே. சோவியத் நாடும் அமெரிக்காவும் முந்தின. அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு வேறு எந்த நாடும் சேரவில்லை. நம்மைப் போலவே விவசாயிகள் நிறைந்த, வளர்ந்து வந்த நாடான சீனா 2003 அக்டோபர் 15-இல் யாங் லிவெய் என்பவரை அனுப்பி மூன்றாவது நாடாயிற்று. அவர் பூமியைப் பதினான்கு முறை சுற்றி மறுநாள் இறங்கினார். அவரை அனுப்பும் முன் சீனா நான்கு முறை ஆளில்லாமலே கலத்தை அனுப்பிப் பார்த்தது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்; பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

ககன்யான் என்பது யாது?

பூமியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் மனிதர் அமர்ந்த கலம் உலகைச் சுற்றி வர வேண்டும் என்பது திட்டம். திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும் தூரத்தைவிட அந்த உயரம் சற்றுக் குறைவு. தூரம் பெரிதன்று, வேகமே பெரிது. நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால்தான் கலம் கீழே விழாமல் சுற்றும். அந்த வேகத்தில் நாம் மதுரை போய்ச் சேரப் பத்து நொடி கூட ஆகாது.

இதற்கு உரிய ராக்கெட் சுமார் 53 மீட்டர் உயரமும் 640 டன் எடையும் உள்ளது. 2023-இல் சந்திரயான்-3 கலத்தைச் சந்திரனுக்குக் கொண்டு சென்றதும் இதே குடும்பத்து ராக்கெட்தான். ஆனால் பொருளை ஏற்றும் வண்டியில் மனிதரை ஏற்ற வேண்டுமானால் ஒவ்வோர் உறுப்பையும் மறுபடி பரீட்சிக்க வேண்டும். ராக்கெட்டின் மேலடுக்கில் உள்ள எஞ்சின் மிகக் கடுமையான குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் எரித்து ஓடுவது. ஹைட்ரஜன் திரவமாவது உறைநிலைக்குக் கீழே 253 டிகிரிக் குளிரில். இந்த எஞ்சினைப் பரீட்சித்தது எங்கே தெரியுமா? நம் தமிழ் மண்ணில், திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில். மனிதர் செல்லத் தகுதி உண்டு என்று சொல்ல 6,350 நொடி எரித்துப் பார்த்தால் போதும் என்பது விதி. விஞ்ஞானிகள் நான்கு எஞ்சின்களை 39 முறை, மொத்தம் 8,810 நொடி எரித்துப் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில்தான் தகுதிச் சான்று அளித்தார்கள். விதி கேட்டதற்கு மேலேயும் சோதித்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பயணத்துக்குப் பயிற்சி பெற்ற நால்வரின் பெயர்கள் 2024 பிப்ரவரி 27-இல் வெளியாயின. பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா ஆகியோர் அவர்கள். நால்வரும் விமானப் படையினர். அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். 2025 ஜனவரியில் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற வி. நாராயணன், கன்னியாகுமரி மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்து, தமிழ் வழியில் பள்ளிக் கல்வி பயின்றவர். கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகுகிறதா என்று நாம் கவலைப்படுவது வீண் கவலை அன்று என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஏறுவதைவிட இறங்குவது பெரிது

ராக்கெட் நெருப்பைக் கக்கிக் கொண்டு எழும்புவதைத்தான் நாம் படத்தில் காண்கிறோம். உண்மையில் உழைப்பின் பெரும்பகுதி மனிதரைத் திரும்பக் கொண்டு வருவதிலேயே இருக்கிறது. 1967-இல் சோவியத் வீரர் கோமரோவ் பாராசூட் சரியாக விரியாததால் இறந்தார். 1986-இல் அமெரிக்காவின் சாலஞ்சர் கலம் கிளம்பிய சற்று நேரத்தில் வெடித்து எழுவர் மாண்டனர். 2003 பிப்ரவரி 1-இல் கொலம்பியா கலம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியபோது, ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் உடன் இருந்த அறுவரும் உயிரிழந்தனர். பணமும் அனுபவமும் மிகுந்த நாடுகளுக்கே இந்தத் துயரம் நேர்ந்தது.

ஆகையால் நம்மவர்கள் இறங்குவதிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார்கள். 2007 ஜனவரியில் ஒரு சிறு கலத்தை விண்ணுக்கு அனுப்பி, பன்னிரண்டு நாள் கழித்து வங்கக் கடலில் இறக்கி மீட்டார்கள். 2014 டிசம்பர் 18-இல் மனிதர் அமரும் கலத்தைப் போன்ற ஒன்றை 126 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பித் திரும்ப எடுத்தார்கள். ஏவுதளத்திலேயே ஆபத்து நேர்ந்தால் கலத்தை மட்டும் பிய்த்துத் தூரமாகக் கொண்டு போகும் தற்காப்பு ஏற்பாட்டை 2018 ஜூலை 5-இல் சோதித்தார்கள். 2025 ஆகஸ்ட் 24-இல் 4.8 டன் எடையுள்ள மாதிரிக் கலத்தை ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று கீழே விட்டுப் பாராசூட்டுகளைப் பரீட்சித்தார்கள். கலத்தை இறக்கப் பத்துப் பாராசூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. கடைசியில் விரியும் பெரிய பாராசூட்டுகள் மூன்று. அவற்றில் ஒன்று கைவிட்டாலும் மற்ற இரண்டு காப்பாற்றும்.

2023 அக்டோபர் 21-ஆம் நாள் நடந்ததைச் சொன்னால் விஷயம் இன்னும் விளங்கும். பறந்து கொண்டிருக்கும்போது ஆபத்து வந்தால் தப்புவது எப்படி என்று சோதிக்கும் நாள் அது. நாடே பார்த்துக் கொண்டிருந்தது. கிளம்ப ஐந்து நொடி இருக்கையில் யந்திரம் குறையொன்றைக் கண்டு தானே நின்று விட்டது. பொறுப்பில் இருந்தவர்கள் பதறவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, அன்று காலை 10 மணிக்கே ஏவினார்கள். கலம் ராக்கெட்டிலிருந்து பிரிந்து, பாராசூட் விரித்துக் கடலில் இறங்கியது. கடற்படையினர் அதை மீட்டார்கள்.

2018 ஆகஸ்ட் 15-இல் இத்திட்டத்தை அறிவித்தபோது 2022-க்குள் முடிப்பது என்றார்கள். அது நடக்கவில்லை. 2025-இல் அரசாங்கம் தெரிவித்த காலம் 2027. மனிதர் ஏறும் முன்பு ஆளில்லாமல் கலம் போய்வர வேண்டும் என்பது விதி. முதலில் "வியோமமித்ரா" என்னும் பெண்ணுருவ யந்திரப் பாவையை அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். தாமதத்தைக் குறித்துச் சிலர் பரிகாசம் செய்வார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. சுதந்திர தினத்துக்கு ஆகட்டும், தேர்தலுக்கு ஆகட்டும் என்று நாள் குறித்துக் கொண்டு ஓர் உயிரை ஏற்றி அனுப்புவது பாவம். நிறுத்தத் தெரிந்தவனே ஓட்டத் தகுந்தவன்.

பணக் கணக்கு

இனிக் கேள்விக்கு வருவோம். 2018 டிசம்பரில் மத்திய மந்திரி சபை இதற்கு 9,023 கோடி ரூபாய் அனுமதித்தது. 2024 செப்டம்பரில் திட்டத்தை விரிவாக்கி, விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து, எட்டுப் பயணங்களுக்கு மொத்தம் 20,193 கோடி ரூபாய் என்று முடிவு செய்தது. தேசத்தின் ஜனத்தொகையை 140 கோடி என்று வைத்துக் கொண்டால் தலைக்கு ஏறத்தாழ 144 ரூபாய் வருகிறது. அதுவும் ஒரே ஆண்டில் செலவாவது அன்று. பல ஆண்டுகளில் பரவிய செலவு. இத்தொகை சிறிதென்று நாம் சொல்லவில்லை. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 720 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது பெரிய பணமே.

மனிதரை அனுப்புவதால் நாளைக்கே நம் கிணற்றில் நீர் ஊறும் என்று யாரேனும் சொன்னால் அதை நம்ப வேண்டாம். நாட்டின் தொழில் திறன் உயரும். உயர்ந்த வேலைகளைச் செய்யும் கைகள் பெருகும். பிறரிடம் கையேந்தாத நிலை வரும். இப்பயன்கள் உண்மையானவை, ஆனால் மெல்ல வருபவை. உடனே கிட்டும் பயனோ மனிதர் இல்லாத செயற்கைக்கோள்களால் கிட்டுகிறது. அந்தப் பயனும் இந்தப் பயணமும் ஒரே மரத்துக் கிளைகள். ஆகவே அதையும் பார்ப்போம்.

செயற்கைக்கோளின் கிராமத் தொண்டு

1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. ரயில் ஒன்று பயணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. அக்காலத்தில் நம் நாட்டுக்கென்று வானில் ஒரு கண்ணும் இல்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, நம் திண்டுக்கல் வரையிலும் கொடைக்கானல் மலை வரையிலும் வந்து மரங்களைச் சாய்த்தது. தென்னையும் வாழையும் போயின. உயிர்ச் சேதமும் உண்டு. ஆயினும் புயல் வரும் வழியைச் செயற்கைக்கோள்கள் பல நாள் முன்னதாகவே காட்டியபடியால், பல்லாயிரம் பேர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றார்கள்.

1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்கு ஆறு ராஜ்யங்களில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் மூலம் டெலிவிஷன் வழியாக விவசாயமும் சுகாதாரமும் போதித்தார்கள். செயற்கைக்கோள் அமெரிக்காவினது, பாடம் நம்முடையது. விண்வெளி முயற்சியின் தந்தை விக்ரம் சாராபாய் 1971-இலேயே காலமாகி விட்டார். ஆனால் கிராமத்துக்கு உதவாத விண்வெளி விஞ்ஞானம் நமக்கு வேண்டாம் என்ற அவருடைய நோக்கமே அதில் நிறைவேறியது.

1988 மார்ச் 17-இல் பூமியைப் படம் பிடிக்கும், நடைமுறைப் பணிக்கான நம் முதல் தொலை உணர்வுச் செயற்கைக்கோள் சென்றது. அவ்வகைப் படங்களைக் கொண்டு நிலத்தடி நீர் இருக்கக்கூடிய இடங்களைக் காட்டும் வரைபடங்கள் தயாராயின. திண்டுக்கல் சமவெளி பெரும்பாலும் கெட்டிப் பாறை நாடு. பாறையில் வெடிப்பும் பிளவும் உள்ள இடத்தில்தான் நீர் தங்கும். செயற்கைக்கோள் மண்ணுக்குள் புகுந்து நீரைப் பார்ப்பதில்லை. மேலே தெரியும் நில அமைப்பையும் நெடும் பிளவுகளின் கோட்டையும் காட்டுகிறது. அதை வைத்துக் கொண்டு நிலவியல் அறிந்தவர் நேரில் வந்து சோதித்தால், குருட்டு அதிர்ஷ்டத்தில் துளை போடும் செலவு குறையும். துளை போடத்தான் என்றில்லை. தடுப்பணையும் கசிவுக் குட்டையும் எங்கே அமைத்தால் மழை நீர் உள்ளே இறங்கும் என்பதற்கும் அது உதவும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

ஆகவே தேசம் மனிதரை விண்ணுக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கு நம் விடை இதுதான். அனுப்பலாம், ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, உயிரின் விஷயத்தில் அவசரம் கூடாது. மற்றொன்று, விஞ்ஞானத்தின் பலன் கிராமத்தின் வாசல்வரை வந்து சேர வேண்டும். முதல் நிபந்தனை விஞ்ஞானிகளின் பொறுப்பு. இரண்டாவதில் பாதி அரசாங்கத்தின் பொறுப்பு. மறு பாதி நம்முடையது. கேட்டு வாங்காத பலன் காகிதத்திலேயே தங்கி விடும்.

முதலாவதாக, புதிதாக ஆழ்துளைக் கிணறோ தடுப்பணையோ தீர்மானிக்கும் முன்பு, அந்த இடத்துக்கு நிலத்தடி நீர் வரைபடம் பார்த்தாயிற்றா என்று ஒன்றிய எஞ்சினீயரிடம் கேளுங்கள். "பார்க்கவில்லை" என்றால் பார்த்த பிறகே தீர்மானம் போடுங்கள்.

இரண்டாவதாக, வானிலைத் துறையார் விவசாயிகளுக்கென்று வெளியிடும் அறிக்கையைப் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் எழுதி வையுங்கள். நிலக்கோட்டையில் மல்லிகை பறிப்பவருக்கும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றுபவருக்கும், வெங்காயம் காய வைப்பவருக்கும் மழை இரண்டு நாள் முன்னதாகத் தெரிந்தால் அதுவே லாபம். ஐயம் இருந்தால் காந்திகிராமத்து வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேட்கலாம்.

மூன்றாவதாக, நம் பிள்ளைகளைக் கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக் கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 1901 முதல் அங்கே சூரியனைக் கவனித்து வருகிறார்கள். சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-இல் எவர்ஷெட் என்பவர் கண்டறிந்தது நம் மாவட்டத்து மலையில்தான். பெண் பிள்ளைகளையும் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள்.

நான்காவது, செலவில்லாதது, ஆனால் கடினமானது. ஐந்து நொடி இருக்கையில் நிறுத்திச் சரிபார்த்த அந்த ஒழுக்கத்தை நம் வேலைகளிலும் கைக்கொள்ள வேண்டும். மேல்நிலைத் தொட்டி கட்டினால் நீரை நிரப்பிக் கசிவு பார்த்த பின்பே பில்லில் கையெழுத்துப் போடுங்கள். மதகைப் பழுது பார்த்தால் ஐப்பசி மழைக்கு முன்பே ஏற்றி இறக்கிப் பாருங்கள். வீரர்களின் உயிரைக் காக்க எஞ்சின்களை 39 முறை எரித்துப் பார்த்தது நாடு. நானூறு குடும்பங்கள் குடிக்கும் தொட்டியை ஒரு முறையாவது நாம் சோதிக்க வேண்டாமா?

நம் நாட்டு வீரர்கள் தம் சொந்தக் கலத்தில் ஏறும் நாளில், ஒவ்வொரு பஞ்சாயத்தும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அதைக் காட்டட்டும். ஏறியதும் கை தட்டிக் கலைந்து போக வேண்டாம். அவர்கள் கடலில் இறங்கி, கதவு திறந்து, வெளியே வரும் வரை காத்திருங்கள். அதன் பிறகு கை தட்டுவோம்.